நிறுத்தும் பக்கத்தில் என் கையெழுத்து

இந்தப் பயிற்சியாளர் வேலைக்குப் புதிதாக வந்திருக்கிற நீங்கள், நம் மையத்து ஆண்டு மலருக்கு ஒரு வெற்றிக் கதை எழுதித் தரச் சொல்லிக் கேட்டீர்கள். ஃபோனில் பேசிய பிள்ளை "கொஞ்சம் இன்ஸ்பைரிங்கா இருக்கட்டும் மேடம்" என்று வேறு சொன்னார். எனக்குச் சிரிப்புதான் வந்தது. முப்பது வருஷத்துக்கு மேல் சித்தூரிலும் திருப்பதியிலும் கம்பெனிக்காரர்களுக்கு பிசினஸ் பிளான் எழுதக் கற்றுக்கொடுத்தவள் நான். வெற்றிக் கதைக்கு என்னிடம் பஞ்சமே இருந்ததில்லை. அதில் ஒரு கதையை மேடை மேடையாகச் சொல்லிச் சொல்லித்தான் ஒருத்தியை இழந்தேன். அதைத்தான் எழுதுகிறேன். பிடிக்காவிட்டால் போடாதீர்கள், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

பிளான் எப்படி எழுதுவது என்று நான் சொல்லப்போவதில்லை. சந்தை, போட்டி, ஆள்பலம் எல்லாம் உங்கள் ஸ்லைடுகளில் என்னுடையதைவிட நன்றாகவே இருக்கின்றன, கலர் கலராக. நான் சொல்ல வந்தது பிளானின் கடைசிப் பக்கத்தைப் பற்றி. அதை நீங்கள் இப்போது எடுத்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன்.

திருப்பதியில் வகுப்பு நடத்துவதில் ஒரு வேடிக்கை உண்டு. நமக்காக மட்டும் யாரும் அங்கே வருவதில்லை. முதல் நாள் பேர் சொல்லி அறிமுகம் செய்துகொண்டவர்கள் இரண்டாம் நாள் பாதிப் பேர் மொட்டைத் தலையும் சந்தனமுமாக வந்து உட்கார்வார்கள். யார் எந்தக் கம்பெனி என்று மறுபடியும் முதலிலிருந்து கேட்க வேண்டும். போகும்போது ஆளுக்கொரு லட்டு என் மேசையில் வைப்பார்கள். எங்கள் குடும்பம் சித்தூரில் பழைய மிஷன் சபையைச் சேர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து லட்டு பிட்டுத் தின்கிற வீடு, அந்தத் தெருவிலேயே எங்களுடையது ஒன்று மட்டுமாகத்தான் இருந்திருக்கும்.

அந்தக் கடைசிப் பக்கம் வந்த விதம் இது. சித்தூரில் மாம்பழக் கூழ் தொழிற்சாலை நடத்துகிற ஒருவர் ஒரு வகுப்புக்கு வந்திருந்தார். பெரிய கை, பழைய கம்பெனி. கூழ் வியாபாரம் ஜோராகப் போய்க்கொண்டிருந்தது. ஆனால் அதன் பக்கத்திலேயே ஒரு ஊறுகாய்ப் பிரிவு, வருஷா வருஷம் ஆளையும் தூக்கத்தையும் தின்றுகொண்டிருந்தது. "இதை ஏன் இன்னும் நடத்துறீங்க?" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டேன்.

"நைனா ஆரம்பிச்சது மேடம்" என்றார். பிறகு, "நிறுத்தணும்னு எனக்கே ரொம்ப நாளா தெரியும். யாராச்சும் வந்து சொல்ல மாட்டாங்களான்னு பாத்துகினு இருக்கிறேன்" என்றார். வகுப்பு சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். எப்படித் தொடங்குவது, எப்படி வளர்ப்பது என்று மூன்று நாள் தொண்டை கிழியக் கத்துகிறோம். எப்போது நிறுத்துவது என்று ஒரு வார்த்தை சொல்வதில்லையே என்று வெட்கமாக இருந்தது. அடுத்த பேட்ச்சிலிருந்து பிளானின் கடைசியில் ஒரு பக்கம் சேர்த்தேன். அதற்கு நிறுத்தும் பக்கம் என்று பேர். எது நடந்தால் இந்தத் தொழிலை நிறுத்துவேன் என்று ஒரே ஒரு வாக்கியம் எழுத வேண்டும். கீழே ஒரு சாட்சி கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் காரியம் நடக்கிற அன்றைக்கு நேரே போய் "நடந்துவிட்டது" என்று சொல்வது சாட்சியின் வேலை. அதன் பிறகு நிறுத்துவதும் நிறுத்தாததும் எழுதியவர் பாடு. அநேகம் பேர் மச்சானையோ கூட்டாளியையோ சாட்சியாகப் போட்டார்கள். கோமளா என்னைப் போட்டாள்.

கோமளா வந்தது ஸ்டார்ட்-அப் பேட்ச்சில். அந்த ஹால் முழுக்க ஜீன்ஸ் போட்ட பையன்கள், ஆளாளுக்கு ஒரு ஆப் வைத்திருந்தார்கள். கடைசி வரிசையில் பூப்போட்ட நைலக்ஸ் புடவையில், மடியில் நாலடுக்கு டிபன் கேரியரோடு இவள் உட்கார்ந்திருந்தாள். முறை வந்ததும் எழுந்து, "எனக்கு ஆப்பெல்லாம் இல்ல மேடம். அடுப்புதான் இருக்குது" என்றாள். அன்று மத்தியானம் அந்தக் கேரியர் அந்த வரிசை முழுக்கச் சுற்றி வந்தது. சாயங்காலத்துக்குள் அந்த ஜீன்ஸ் பையன்கள் எல்லாம் அவளை அக்கா என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள்.

விஜயபுரத்தில் பிறந்து சத்தியவேடு பக்கம் ஒரு கிராமத்தில் வாழ்க்கைப்பட்டவள். வீட்டுக்காரர் முனிரத்தினம் வேர்க்கடலை பயிர் போடுகிறவர், அதிகம் பேசாத மனிதர். ஸ்ரீ சிட்டி தொழிற்சாலைகளுக்கு வேலைக்கு வரும் பெண்பிள்ளைகள் அந்தச் சுற்றுவட்டாரத்தில் ஹாஸ்டல்களிலும் வாடகை வீடுகளிலும் தங்கியிருந்தார்கள். திருவள்ளூர்ப் பக்கத்துப் பிள்ளைகள்தான் அதிகம். அவர்களுக்குக் கிடைத்த சாப்பாடு வாயில் வைக்க விளங்காது. கோமளா முப்பது பேருக்கு மத்தியானச் சாப்பாடு கட்டிக் கொடுக்க ஆரம்பித்தாள். முனிரத்தினம் ஒரு பழைய வேனில் கொண்டுபோய்க் கொடுத்தார். அதை எப்படிப் பெரிதாக்குவது என்று கேட்கத்தான் என்னிடம் வந்தாள்.

நிறுத்தும் பக்கத்தில் அவள் எழுதியது இது: நான் ருசி பார்க்காத சாப்பாடு வண்டி ஏறினால் அன்றைக்கே நிறுத்த வேண்டும்.

நான் ஒப்புக்கொள்ளவில்லை. "இது பிளான்ம்மா. ஒரு நம்பர் போடு. இத்தனை ஆர்டருக்குக் கீழே போனா, இத்தனை கம்ப்ளெயின்ட் வந்தான்னு ஏதாவது எழுது" என்றேன்.

"நம்பர நானே மாத்திக்குவேன் மேடம். நாக்க மாத்த முடியாது இல்ல?"

"சரி, உன் வீட்டுக்காரரையே சாட்சியாப் போடேன். தினமும் வண்டி ஓட்டறவர் அவர்தானே?"

"அது சொன்னா நான் கேக்க மாட்டேன். சண்டதான் வரும். நீங்க சொன்னீங்கன்னா கேப்பேன்" என்று பேனாவை என் கையில் திணித்தாள். சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டேன்.

அதற்குப் பிறகு அவள் வளர்ந்ததை நான் சொல்லி மாளாது. முப்பது நூறானது, நூறு நானூறானது. ஞாயிற்றுக்கிழமை தொழிற்சாலை லீவு, சமையல் கம்மி. அன்றைக்கு நான் சர்ச்சிலிருந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் ஃபோன் அடிக்கும். "அக்கா, துன்னீங்களா?" என்றுதான் ஆரம்பிப்பாள். மேடமாக இருந்த நான் எப்போது அக்கா ஆனேன் என்று எனக்கே நினைவில்லை. ஒரு மணி நேரம் பேசுவோம். புது அண்டா வாங்கியது, பெருங்காயம் சரியில்லாதது, எந்தப் பிள்ளைக்குக் கல்யாணம் நிச்சயமானது, எந்தப் பிள்ளை ஊர் நினைவில் அழுதது, எல்லாம் வரும். என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து, பிள்ளைகள் பெங்களூரில் தங்கிவிட்ட பிறகு, என் வாரத்தில் ஒருத்தர் என்னோடு பேசிய ஒரு மணி நேரம் அதுதான். அவளுக்கு நான் பயிற்சி கொடுத்தேன் என்று ஊரில் சொல்லிக்கொள்வார்கள். எனக்கு அவள் என்ன கொடுத்தாள் என்று யாருக்கும் தெரியாது.

நானும் சும்மா இருக்கவில்லை. ஒவ்வொரு பேட்ச்சிலும் அவள் கதையைச் சொன்னேன். "ஆப் இல்ல, அடுப்புதான்" என்ற இடத்தில் எங்கே நிறுத்தினால் கைதட்டல் வரும் என்று எனக்கு அத்துப்படி. சொல்லச் சொல்ல அந்தக் கதை அவளுடையது என்பது போய் என்னுடையதாகிவிட்டது. இதை எழுதும்போதும் கூச்சமாகத்தான் இருக்கிறது.

நான் ஓய்வு பெறப்போகிற மாசம் ஒரு பெரிய வாய்ப்பு வந்தது. ஒரு தொழிற்சாலை நிர்வாகத்தார் தங்கள் மூன்று ஹாஸ்டல்களுக்கும் ஒரே இடத்திலிருந்து சாப்பாடு எடுப்பதாக முடிவு செய்து, திருப்பதியில் கூட்டம் போட்டு, ஐந்தாறு பேரைப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். கோமளாவும் அதில் ஒருத்தி. அவளைத் தயார் செய்யும் பொறுப்பை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். என் கடைசி வேலை அவளை அந்த மேடையில் ஏற்றுவதாக இருக்க வேண்டும் என்று எனக்கு அவ்வளவு ஆசை.

கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்னால் காலையில் அவள் வீட்டுக்குப் போனேன். அப்போது அவளுக்கு இரண்டு சமையற்கூடம். வீட்டின் பின்னால் ஒன்று. தடா போகிற வழியில் வாடகை ஷெட்டில் இன்னொன்று, அதற்கு வேறு ஆட்கள். பின்கட்டுச் சமையலில் இருந்து வந்த வாசனையில் எனக்கு நாக்கு ஊறியது. நானும் அவளும் லேப்டாப்பை வைத்துக்கொண்டு அவள் பேசவேண்டியதைப் பழகிக்கொண்டிருந்தோம். "எங்கள் சாப்பாட்டின் தரம்" என்ற ஸ்லைடில் இருந்தோம். அவள் ஃபோன் அடித்தது. ஷெட்டிலிருந்து யாரோ, "அக்கா, வண்டி அனுப்பிட்டோம்" என்றார்கள். எனக்கும் நன்றாகக் கேட்டது. அன்று அவள் ஷெட்டுப் பக்கம் போகவே இல்லை.

ஃபோனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். நான் ஸ்லைடைப் பார்த்தேன்.

"ஏங்க்கா, நான் அன்னிக்கு எழுதுனேனே ஒரு பக்கம், அது உங்ககிட்ட இருக்குதா?" என்று கேட்டாள்.

இதைவிடத் தெளிவாக யாரும் கேட்க முடியாது. இவ்வளவு வருஷம் மேடையேறி ஊருக்கு உபதேசம் பண்ணினவளுக்கு அந்த நிமிஷம் செய்யவேண்டியது என்னவென்று தெரியாமல் இல்லை. தெரிந்தது. நடந்துவிட்டது கோமளா என்று இரண்டு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். அவள் ஒருவேளை ஷெட்டை மூடியிருப்பாள், ஒருவேளை தினமும் விடியற்காலையில் அங்கேயும் போய் வர ஒரு வழி பண்ணியிருப்பாள். அது அவள் பாடு. ஆனால் சொன்னால் அடுத்த வாரக் கூட்டத்துக்கு வர மாட்டாள் என்று எனக்குப் பட்டது. என் வாயிலிருந்து வந்தது வேறு.

"அது சின்னதா இருந்தப்ப எழுதினதும்மா. இப்ப நீ ஒரு கம்பெனி. எல்லாத்தையும் நீயே செய்யணும்னா வளரவே முடியாது. ருசி பார்க்க ஒரு ஆளைப் போடு. அதுக்குப் பேருதான் டெலிகேஷன்" என்றேன்.

ஃபோனை மடியில் கவிழ்த்து வைத்தாள். "நீங்க சொன்னா சரிக்கா" என்றாள். அடுத்த ஸ்லைடுக்குப் போனோம்.

கூட்டத்தில் பிரமாதமாகப் பேசினாள். அந்த ஆபீசர்கள் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்கள். மூன்று ஹாஸ்டலும் அவளுக்கே கிடைத்தது. எனக்கு அன்றைக்கே சால்வை போட்டு வழியனுப்பினார்கள். அழுதேன், சந்தோஷமாகத்தான் அழுதேன்.

வெயில் காலத்தில், அக்கினி நட்சத்திரத்துக்கு முன்னாலேயே சுட்டெரித்த ஒரு நாள், ஷெட்டிலிருந்து போன தேங்காய் அரைத்துவிட்ட பூசணிக்காய்க் கூட்டு கெட்டுப்போயிருந்தது. விடியற்காலையில் சமைத்து, சூடு ஆறுவதற்குள் மூடி அடைத்து, மத்தியானம் வரை வைத்திருக்கிறார்கள். ருசி பார்க்கப் போட்டிருந்த ஆள் காலையில் அடுப்பிலிருந்தபோது பார்த்ததோடு சரி. ஒரு ஹாஸ்டலில் பிள்ளைகளுக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் ஆரம்பித்தது. பதினோரு பேரை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். முனிரத்தினம்தான் எனக்கு ஃபோன் போட்டார். "நீங்க வந்தா நல்லாருக்கும்ங்க" என்று மட்டும் சொன்னார். சித்தூரிலிருந்து போய்ச் சேர ராத்திரி ஆகிவிட்டது.

கோமளா ஒவ்வொரு கட்டிலாகப் போய்க்கொண்டிருந்தாள். ஒருத்தி தலையைத் தடவினாள், ஒருத்திக்கு வாந்தி துடைத்தாள். நான் பின்னால் போனேன். உயிருக்கு ஆபத்து யாருக்கும் இல்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார். தேவனுக்கு ஸ்தோத்திரம் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். கடைசிக் கட்டிலில் ஒரு பெண், பத்தொன்பது இருபது வயசிருக்கும், கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. கோமளாவைப் பார்த்து மெல்லச் சிரித்தாள்.

"வாயில வெச்சதுமே தெரிஞ்சதுக்கா, ஒரு மாதிரி இருந்திச்சு. உன் பேரு போட்ட டப்பா ஆச்சேன்னு துன்னுட்டேன்" என்றாள்.

கோமளா அவள் போர்வையை இழுத்துவிட்டாள். வெளியே வராந்தாவுக்கு வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் தோளில் கை வைத்தேன். கையைத் தட்டிவிடவில்லை. தட்டிவிட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

தொழிற்சாலைக்காரர்கள் ஷெட்டை மட்டும் மூடினால் போதும் என்றார்கள். அவள் இரண்டையும் மூடினாள். அண்டா, அடுப்பு, வேன் எல்லாவற்றையும் வந்த விலைக்குக் கொடுத்துவிட்டாள். வேலை செய்த பெண்களுக்கு வேறு இடம் பார்த்துக் கொடுத்தபிறகுதான் ஓய்ந்தாள். நான் போய்க் கெஞ்சினேன். இவ்வளவு தூரம் வேண்டாம், வீட்டுச் சமையலையாவது வைத்துக்கொள் என்றேன். எதிரில் உட்கார்ந்து முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டே கேட்டாள். கடைசியில் சொன்னாள்.

"உங்க மேல கோவம் இல்லக்கா. சத்தியமா இல்ல. நான்தான் ஆள தப்பா எடுத்துட்டேன். நான் பெருசா வரணும்னு உங்களுக்கு அவ்ளோ ஆச. அந்த ஆச இருக்கிற ஆளுகிட்ட போய் நிறுத்துன்னு சொல்ற வேலைய குடுத்தனே, இன்னா புத்தி எனக்கு."

கோபமாகத் திட்டியிருந்தால் நானும் ஏதாவது திருப்பிச் சொல்லியிருப்பேன். பஸ் ஏறி வந்துவிட்டேன். அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை ஃபோன் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. இரண்டு வருஷம் ஆகிறது.

பிள்ளைகளே, இதில் உங்களுக்கு என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். இருக்கிறது. நம்மிடம் கற்றுக்கொண்டவர் நன்றாக வரும்போது நமக்கு ஒரு பெருமை வரும். வரட்டும், தப்பில்லை. ஆனால் அந்தப் பெருமை வந்த அன்றைக்கே அவருக்குச் சாட்சியாக இருக்கிற தகுதி நமக்குப் போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். எழுந்து போய் வேறு யாரையாவது அந்த இடத்தில் உட்கார வையுங்கள். உங்கள் வெற்றிக் கதைகளில் வருகிறவர்கள் வீட்டுக்கு, ஸ்லைடு எதுவும் எடுத்துக்கொள்ளாமல் சும்மா ஒரு நடை போய் வாருங்கள். அந்தக் கடைசிப் பக்கத்தை மறுபடியும் சேருங்கள். இது என் விண்ணப்பம், உத்தரவு போட நான் இப்போது யாரும் இல்லை.

எனக்கு அவளைப் பார்க்க வேண்டும்போல இருக்கிறது. இதை ஓய்வு பெற்ற ஒரு பயிற்சியாளர் இந்தக் கட்டுரையில் எழுதலாமா என்று தெரியவில்லை, எழுதுகிறேன். பெங்களூரில் பிள்ளைகள் வீட்டில் விதவிதமாகச் சாப்பிடுகிறேன். நடுவில் சாப்பாட்டை விட்டுவிட்டு அவள் குரலை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். பெங்களூரில் இருக்க முடியாமல் நாலு நாளில் சித்தூருக்கு ஓடி வந்துவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில் அந்த ஒரு மணி நேரத்தை என்ன செய்வதென்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

போன மாசம் புத்தூரில் பழைய மாணவர் ஒருவரைப் பார்த்தேன். கோமளா மறுபடியும் சமைக்கிறாளாம், வீட்டுக்கே வந்து சாப்பிட்டுப் போகிற இருபது பிள்ளைகளுக்கு மட்டும். அன்றைக்கே ஃபோன் போட்டேன். முனிரத்தினம் எடுத்தார்.

"நல்லா இருக்கீங்களா? அது சமைச்சிகினு இருக்குதுங்க" என்றார்.

ஒருவழியாக, "நான் ஒரு நாள் சாப்பிட வரலாமான்னு கேட்டுச் சொல்றீங்களா?" என்றேன்.

ஃபோனைப் பிடித்துக்கொண்டே உள்ளே போனார் போலிருக்கிறது. தாளிக்கிற சத்தம் கேட்டது. இரண்டு பேரும் ஏதோ பேசினார்கள், எனக்குப் பிடிபடவில்லை. திரும்பி வந்தார்.

"தாராளமா வரச் சொல்லுதுங்க. ஆனா ஒண்ணு" என்று இழுத்தார். பாவம், அவருக்குச் சொல்லவே சங்கடமாக இருந்தது. "துன்னுட்டு, நல்லா இல்லன்னா நல்லா இல்லன்னு சொல்றதா இருந்தா வரச் சொல்லுது."

மூன்று வாரமாகப் போகவில்லை. எத்தனையோ பெரிய கம்பெனி முதலாளிகளை முகத்துக்கு நேரே கேள்வி கேட்டவள், ஒரு தட்டுச் சோற்றுக்குப் பயந்துகொண்டு வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன். வருகிற சனிக்கிழமை காலை பஸ்ஸுக்குப் போவதென்று முடிவு செய்துவிட்டேன். அவள் எதிரில் நின்று பார்த்துக்கொண்டிருப்பாள். உப்பு குறைவாக இருந்தால், குறைவாக இருக்கிறது என்றுதான் சொல்லப்போகிறேன்.